பிரிசில்லா தீனி போட்ட தொட்டி

எங்கள் பேப்பர் மில்லில் பிரிசில்லா எங்கே என்று கேட்டால், "இப்பத்தான் இங்க நின்னுகினு இருந்தா" என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அவள் ஓரிடத்தில் நிற்கிற ஆள் இல்லை. தொட்டி மேட்டில் இருப்பாள். நீங்கள் படியேறிப் போவதற்குள் பம்ப் ரூமுக்குப் போயிருப்பாள். அங்கே போய்ப் பார்த்தால், லேபில் ஒரு கண்ணாடி ஜாடியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருப்பாள் என்று சொல்வார்கள். டீ குடிக்கும்போதுகூட அவளுடைய கால் சும்மா இருக்காது. "உக்காரும்மே, ஆயிரம் ரூபா தர்றேன்" என்று நான் எத்தனையோ தடவை கிண்டல் பண்ணியிருக்கிறேன். அவளுக்கு உட்கார நேரம் இல்லை, என்னிடம் ஆயிரம் ரூபாய் இல்லை. அதனால் பந்தயம் அப்படியே நிற்கிறது.

என் பெயர் தீனதயாளன். அதே மில்லில் ஃபிட்டர். பம்ப், பைப், வால்வு எல்லாம் என் பொறுப்பு. மூக்குக்கு மேலே கோபம் வருகிற ஆள். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்தக் கோபத்தை நான் எதற்கு உபயோகித்தேன் என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் போகிற ரோட்டில், உள்ளே ஒரு கிலோமீட்டர் தள்ளி எங்கள் மில். பழைய அட்டைப்பெட்டி லாரி லாரியாக உள்ளே போகும், பழுப்புக் காகிதம் உருளை உருளையாக வெளியே வரும். நடுவில் வேலை செய்வது தண்ணீர்தான். அட்டையை ஊறவைக்கவும், கூழாக அடிக்கவும், வலையில் பரப்பவும் தண்ணீர் வேண்டும். அந்த அழுக்குத் தண்ணீர் ஒரு சொட்டுகூட வெளியே போகக் கூடாது. ஏரிக்குப் போன பழைய குழாயை சிமெண்ட் போட்டு அடைத்து ஆறு வருஷம் ஆகிறது. எல்லாம் தரைக்கு அடியில் இருக்கிற ஒரு கிடங்குக் குழிக்கு வந்து சேரும். அங்கிருந்து பெரிய தொட்டிக்கு ஏறும். தொட்டியில் இருக்கிற பூச்சிகள் அழுக்கைத் தின்று தீர்க்கும். அப்புறம் தெளிந்து, வடிகட்டி, மறுபடியும் மெஷினுக்கே போகும். பூச்சி என்றால் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள். லேபில் அதற்கு நீளமாக ஒரு பெயர் இருக்கிறது, எங்களுக்கு அது பூச்சிதான்.

அந்தத் தொட்டியைப் பார்த்துக்கொள்கிற வேலைக்கு பிரிசில்லா ஆசைப்பட்டு வரவில்லை. அப்பா ஏசுதாஸும் அம்மா சாராளும் ஊரார் நிலத்தில் நாற்று நட்டு, களை பறித்து அவளைச் செங்கல்பட்டில் கெமிஸ்ட்ரி படிக்க வைத்தார்கள். லேபில் கான்ட்ராக்ட் வேலைக்குத்தான் அவளை எடுத்தார்கள். தொட்டிப் பக்கம் போட்ட ஆள் எல்லாம் நாற்றம் தாங்காமல் ஓடிக்கொண்டே இருந்தார்கள். மூன்றாவது ஆளும் ஓடிய அன்று மேனேஜர் வெங்கடேசன் லேபுக்கு வந்து, யாராவது போகிறீர்களா என்று கேட்டார். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். இவள், "நான் போறேன் சார்" என்றாள். முதல் மாதம் டிபன் பாக்ஸைத் திறக்கவே இல்லை என்று அவளே சொல்லியிருக்கிறாள். இது எட்டு வருஷத்துக்கு முந்திய கதை.

சதுரங்கப்பட்டினத்தில் கோட்டைக்குப் பின்னால் அவள் வீடு. புருஷன் பூபாலன் சிறுசேரியில் கம்பெனி வண்டி ஓட்டுகிறான். இவள் தினமும் ஸ்கூட்டியில் முக்கால் மணி நேரம் வருவாள். லீவு நாளிலும் நிம்மதியாக இருக்க மாட்டாள். போன் வரும். "அண்ணாத்த, தொட்டி பக்கம் போனியா? நுரை இன்னா கலர்ல கீது?" பழுப்பு என்றால் வைத்துவிடுவாள். கொஞ்சம் வெள்ளை என்று விளையாட்டுக்குச் சொன்னாலும் போதும், அடுத்த மணி நேரத்தில் ஸ்கூட்டி கேட்டில் நிற்கும். ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். வந்து என்னை வாயாரத் திட்டிவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு நான் அந்த விளையாட்டை விட்டுவிட்டேன்.

மெஷின் நின்றால் அழுக்குத் தண்ணீர் வராது. அழுக்கு வராவிட்டால் பூச்சிகளுக்குச் சாப்பாடு இல்லை. அதனால் பண்டிகைக்கு மில் மூடினால், காலையிலும் மாலையிலும் யாராவது வந்து வெல்லத்தைக் கரைத்து, சாணியும் கொஞ்சம் யூரியாவும் சேர்த்துத் தொட்டியில் ஊற்ற வேண்டும். மில்லில் அதற்குத் தீனி போடுவது என்று பெயர். எட்டு வருஷமாகப் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஆயுத பூஜைக்கும் அவள்தான் தீனி போட்டாள். கிறிஸ்துமஸுக்குக்கூட சர்ச்சிலிருந்து புதுப் புடவையோடு வந்து வெல்லம் கரைத்திருக்கிறாள். இந்த வருஷம் ஆயுத பூஜை முடிந்ததும் அவளை நிரந்தரம் ஆக்குவதாக வெங்கடேசன் சொல்லியிருந்தார். ஆர்டர் டைப் அடித்து மேஜையில் இருக்கிறது என்று ஆபீஸ் ஆட்களே சொன்னார்கள்.

ஆயுத பூஜைக்கு எங்கள் மில்லில் இன்னொரு வழக்கம் உண்டு. வருஷம் பூராவும் சேர்ந்த காலி கேன்களை அன்றைக்குத் தொழிலாளிகளுக்குக் கொடுப்பார்கள். பொரி, கடலை, ஒரு ஸ்வீட் பாக்ஸ், ஒரு கேன். தண்ணீர்ப் பஞ்சத்துக்குப் பழகின ஊர் இது, கேன் என்றால் எல்லோருக்கும் ஆசை. நல்ல கேனாகப் பார்த்து முந்தின வாரமே சாக்பீஸால் பெயர் எழுதி வைத்துவிடுவோம். நான் பெயர் எழுதினது முப்பத்தைந்து லிட்டர் கேன். கெட்டி பிளாஸ்டிக், அகல வாய், மூடி இறுக்கமானது. என் மனைவி ரோகிணி ஒரு வருஷமாக அப்படி ஒன்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

அதில் ஒரு தொல்லை. கேன் காலியாகவில்லை. அது வழுக்கல் மருந்து கேன். ஒரே தண்ணீர் சுற்றிச் சுற்றி ஓடினால் பைப்பிலும் வலையிலும் வழுவழுப்பாகப் படியும், காகிதம் அறுந்து போகும். அதைக் கொல்லத்தான் இந்த மருந்து. மெஷினில் ஒரு நாளுக்கு ஒரு லிட்டர் போடுவதே அதிகம். என் கேனில் பன்னிரண்டு லிட்டர் மிச்சம் இருந்தது. மிச்சத்தை ஸ்டோரில் ஒப்படைக்க வேண்டும், அப்படி ஒப்படைத்தால் கேனும் அவர்களோடு போய்விடும். பூஜைக்கு முந்தின சுத்தத்தில் எல்லோரும் தரையைக் கழுவி விட்டுக்கொண்டிருந்தார்கள். நான் கேனைச் சாய்த்தேன். மருந்து கழுவுகிற தண்ணீரோடு கால்வாயில் இறங்கிப் போயிற்று. போனது போகட்டும், ஓடுகிற தண்ணீரோடு ஓடிவிடும் என்று நினைத்தேன். எங்கே ஓடும்? இருபது வருஷமாக அந்தத் தண்ணீரைச் சுற்றவைக்கிற பம்ப்பைக் கழற்றி மாட்டுகிறவன் நான். இந்த மில்லிலிருந்து ஒன்றும் வெளியே ஓடாது என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவன் யார்? ஆசை கண்ணை மறைத்துவிட்டது.

மெஷின் ஓடாததால் மருந்து நான்கு நாள் கிடங்கிலேயே கிடந்தது. சனிக்கிழமை காலை மெஷின் ஓடத் தொடங்கியதும் பம்ப் அதை அப்படியே தொட்டிக்கு ஏற்றியது. மத்தியானம் மூன்று மணிக்குப் பிரிசில்லா என்னைக் கூப்பிட்டாள். தொட்டி மேல் வெள்ளை நுரை இடுப்பளவு நின்றது. மழை பெய்த மண் மாதிரி அடிக்கிற வாசனை போய், என்னவோ புளித்த வாடை. ஜாடியில் தண்ணீர் எடுத்து வைத்திருந்தாள். உயிரோடு இருக்கிற தொட்டி என்றால் அரை மணியில் கசடு அடியில் இறங்கி, மேலே தெளிந்த தண்ணீர் நிற்கும். ஒரு மணி நேரம் ஆகியும் ஜாடி கலங்கல் கஞ்சியாகவே இருந்தது.

"செத்துப்போச்சு அண்ணாத்த" என்றாள். முகம் வெளிறிவிட்டது.

கீழே வந்து எல்லோரையும் நிற்கவைத்துக் கேட்டாள். "யாராச்சும் கால்வாய்ல எதுனா ஊத்தினீங்களா? ஆசிட், பிளீச்சிங், மருந்து, எதுனாலும் பரவால்ல. சொல்லிடுங்க, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

எல்லோரும் இல்லை என்றார்கள். நான் இல்லை என்பதோடு நிற்கவில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள், என் நெஞ்சு கத்தியது. "இன்னாம்மே, எங்களப் பாத்தா எப்டி கீது உனுக்கு? உன் தொட்டி நாறினா எங்க மேல பழி போடுவியா? இருபது வருசமா கீறோம் இங்க!" என்று குதித்தேன். என் கோபத்தைப் பார்த்துப் பயந்து, "இல்ல அண்ணாத்த, கேட்டேன், அவ்ளோதான்" என்று அவளே பின்வாங்கினாள். அந்தக் கோபம்தான் நான் முதலில் சொன்னது.

வெங்கடேசன் வந்து லாக் புத்தகத்தைக் கேட்டார். அவள் கொடுத்தாள். அவர் பக்கத்தைத் திருப்பி ஓரிடத்தில் விரலை வைத்தார். வியாழக்கிழமை மாலை, அவள் கையெழுத்தில், 'தீனி போடவில்லை' என்று இருந்தது. பொய் எழுதியிருந்தால் யாருக்குத் தெரியும்? ஆனால் அவள் எழுத மாட்டாள்.

"அன்னிக்கு எங்கம்மா போனே?"

"மகாபலிபுரம் சார். பொண்ணு ரொம்ப நாளா பீச்சுக்குக் கேட்டுகிட்டே இருந்தா. ஒரு வேளைதானேன்னு..."

"ஒரு வேளையா? இந்தத் தண்ணி போச்சுன்னா காகிதம் பூரா நாறும். பிஸ்கட் கம்பெனிக்குப் போற பெட்டி இது, ஒரு லோடு திரும்பி வந்தா நான் எங்க போய் நிக்கிறது?" அவர் குரல் ஏறியது, பிறகு தணிந்தது. "புதன்கிழம காலைல வரைக்கும் டைம். அதுக்குள்ள ஜாடியில தண்ணி தெளியணும். இல்லன்னா வேற ஆளப் போடுறேன். அந்த ஆர்டரையும் மறந்துடு."

ஒரு வேளை தீனி இல்லாவிட்டால் பூச்சி சோர்ந்துபோகும், மொத்தமாகச் சாகாது. அது எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் பழி நம்மீது விழும்போது தெரிந்ததெல்லாம் மறந்துவிடும் போலிருக்கிறது. "நான்தான் கொன்னுட்டேன்" என்று அவள் அன்றே முடிவு கட்டிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ஊரப்பாக்கத்தில் ஒரு பெரிய அடுக்குமாடிக் குடியிருப்புக்குப் போய், அவர்களுடைய சாக்கடை சுத்திகரிக்கிற தொட்டியிலிருந்து உயிருள்ள கசடு ஒரு டேங்கர் கெஞ்சி வாங்கி வந்தாள். தயிருக்கு உறை ஊற்றுகிற மாதிரிதான், நல்ல பூச்சியைக் கொஞ்சம் விட்டால் தொட்டி பூராவும் பெருகும். எங்கள் மில் டேங்கரை ஓட்டுகிற கார்த்தி குழாயைத் திறந்துவிட, அவள் அந்தக் கறுப்புத் தண்ணீரைச் சாமி தீர்த்தம் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள். திங்கள்கிழமை காலை ஜாடியைத் தூக்கிப் பார்த்தாள். அதுவும் செத்திருந்தது. சாகாமல் என்ன செய்யும்? அதே தண்ணீர் மெஷினுக்குப் போய், அதே மருந்தோடு மறுபடியும் வந்துகொண்டிருந்தது.

அன்று வேலை முடிந்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு சதுரங்கப்பட்டினம் போனேன். அவள் வீட்டில் உட்கார்ந்து சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். கோட்டை வரைக்கும் போய், எதிரில் டீக்கடையில் ஒரு டீ குடித்தேன். இன்னொன்று குடித்தேன். எனக்கு இருபது வருஷ வேலை. திருட்டுத்தனமாக மருந்தைக் கொட்டினான் என்று தெரிந்தால் அன்றே வெளியே தள்ளுவார்கள். நாற்பத்தெட்டு வயசில் எவன் என்னை எடுப்பான்? அவளுக்கென்ன, படித்தவள், வேறு இடம் கிடைக்கும். இப்படியெல்லாம் எனக்கே வக்கீலாக வாதாடிவிட்டு வண்டியைத் திருப்பினேன். வீட்டில் ரோகிணி சாப்பாடு போட்டாள், பாதியிலேயே தட்டை ஒதுக்கிவிட்டேன். எழுந்து தெருவில் நடந்தேன். திரும்பி வந்து உட்கார்ந்தால் மறுபடி எழுந்துகொள்ளத் தோன்றியது. "இன்னாய்யா, பேய் புடிச்சா மாதிரி சுத்திகினு கீற?" என்று அவள் கேட்டாள். வயிறு சரியில்லை என்றேன்.

செவ்வாய்க்கிழமை பூராவும் பிரிசில்லா தொட்டியைச் சுற்றிக்கொண்டே இருந்தாள். வெல்லம் கரைத்தாள். சாணி கரைத்தாள். காற்று ஊதுகிற மோட்டாரை இரண்டாவதும் ஓடவிடச் சொன்னாள். என்னிடம் வந்து, "அண்ணாத்த, இன்னும் ஒரு டேங்கர் தர்றேன்னு சொல்லிட்டாங்க. அவங்க தொட்டிக்கே இதுக்கு மேல தாங்காதாம், இதான் கடைசி. நாளைக்குக் காலைல வருது" என்றாள். கண் இரண்டும் உள்ளே போயிருந்தது. நான் ஸ்பேனரைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

புதன்கிழமை காலை ஏழரைக்கு டேங்கர் வந்தது. கார்த்தி குழாயை மாட்டித் தொட்டி ஓரத்தில் போட்டான். வெங்கடேசனும் வந்து நின்றார். அவர் பக்கத்தில் இஸ்திரி போட்ட சட்டையோடு புதுசாக ஒரு ஆள். அவளுக்குப் பதிலாக வந்தவன் என்று யாரும் சொல்லாமலே எல்லோருக்கும் புரிந்தது. பிரிசில்லா அவனைப் பார்த்தாள். கார்த்தியைப் பார்த்து, "திற" என்றாள்.

அவன் கை வால்வில் இருந்தது. இன்னும் ஒரு டேங்கர் உயிர் என் கண் எதிரே விஷத்தில் விழப்போகிறது. அப்புறம் அவள் கையில் ஒன்றுமே இருக்காது.

"தொறக்காதடா!" என்று கத்தினேன். "திறந்தா அதுவும் செத்துடும். தண்ணில மருந்து கீது. வழுக்கல் மருந்து. பன்னெண்டு லிட்டர். பூஜைக்கு முன்னாடி கழுவுறப்ப நான்தான் கால்வாய்ல ஊத்தினேன்."

கார்த்தி வால்விலிருந்து கையை எடுத்தான். வெங்கடேசன் என்னவோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் பிரிசில்லா என் எதிரில் வந்து நின்றாள்.

"இன்னாத்துக்கு ஊத்தின?"

"கேனுக்காக."

"அந்தக் கேனு இப்ப எங்க கீது?"

"வூட்ல."

"வூட்ல இன்னா பண்றீங்க அத?"

"தண்ணி புடிச்சு வெச்சிருக்கோம்."

"குடிக்கவா?" அவள் குரல் கிறீச்சிட்டது.

"இல்ல, பாத்திரம் கழுவ."

"ஐயோ, பாத்திரம் கழுவவா! மொதல்ல உன் பொண்டாட்டிக்குப் போன் போடு. அந்தத் தண்ணிய யாரும் தொடக் கூடாதுன்னு சொல்லு. இப்பவே போடு!"

போட்டேன். நம்பரை இரண்டு தடவை தப்பாக அமுக்கினேன். நான் பேசி முடிப்பதற்குள் அவள் வேலையை ஆரம்பித்துவிட்டாள். மெஷினை நிறுத்தச் சொன்னாள். வெங்கடேசன், "ஆர்டர் கீர்டர் கொடுக்கிறது நானா நீயா?" என்று ஆரம்பித்தார். "சார், மூணு நாளா விஷத்துக்குத் தீனி போட்டுகினு இருந்திருக்கேன். நிறுத்துங்க சார்" என்றாள். அவர் நிறுத்தினார். கெட்ட தண்ணீரை எல்லாம் காலியாக இருந்த மழைநீர்த் தொட்டிக்கு மாற்றி, மருந்தை உறிஞ்சுவதற்காக அதில் கரித்தூளைக் கொட்டிக் கலக்கினோம். பெரிய தொட்டியைக் கழுவிக் கிணற்றுத் தண்ணீர் நிரப்பினோம். அதற்குப் பிறகுதான் கார்த்தியை வால்வைத் திறக்கவிட்டாள். சாயங்காலம் வரைக்கும் அவள் சொன்ன வால்வையெல்லாம் திருப்பிக்கொண்டிருந்தேன். என் முகத்தைப் பார்க்காமலேதான் சொன்னாள்.

மெஷின் ஒன்பது நாள் நின்றது. கான்ட்ராக்ட் ஆட்களுக்கு ஒன்பது நாளும் கூலி இல்லை. என்னைச் சபிக்காத வாய் இல்லை, சபிக்கட்டும். என்னை ஒரு மாதம் சஸ்பெண்ட் செய்தார்கள். இருபது வருஷத்தைப் பார்த்து விரட்டாமல் விட்டார்கள். புதிதாக வந்த ஆள் அன்றே திரும்பிப் போனான். பிரிசில்லாவின் ஆர்டரில் வெங்கடேசன் தேதியை மாற்றிக் கையெழுத்துப் போட்டார்.

பத்தாம் நாள் கார்த்தி போன் பண்ணி, ஜாடி தெளிந்துவிட்டது, நுரை பழுப்பாகிவிட்டது என்றான். உள்ளே விட மாட்டார்கள் என்பதால் ஷிப்ட் முடிகிற நேரத்துக்கு மில் கேட்டில் போய் நின்றேன். அவள் ஸ்கூட்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். என்னைப் பார்த்ததும் நின்றாள்.

"மன்னிச்சுடும்மே" என்றேன். "உன் வேலைக்கே உலை வெச்சுட்டேன்."

"வேல போச்சுன்னா இன்னொண்ணு பாத்துப்பேன் அண்ணாத்த" என்றாள். "அந்தச் சனிக்கிழம வூட்டுக்குப் போனேன். சிநேகா ஓடி வந்து, அடுத்த வாரமும் பீச்சுக்குப் போலாமாம்மான்னு கேட்டா. உன்னாலதான்டி எல்லாம் போச்சுன்னு போட்டு அடிச்சுட்டேன். ஒன்பது வயசுப் புள்ள. இதுவரைக்கும் அவ மேல நான் கை வெச்சதில்ல. அன்னிலேர்ந்து அவ எங்கூடச் சரியாப் பேசல. தொட்டி செத்தது தன்னாலதான்னு நெனச்சுகினு கீறா. நான் இல்லன்னு சொன்னா நம்பல, சமாதானத்துக்குச் சொல்றேன்னு நெனைக்கிறா." முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "நீ வா. நீயே வந்து அவகிட்ட சொல்லு."

ஞாயிற்றுக்கிழமை போனேன். டீக்கடைப் பக்கம் திரும்பவில்லை. சர்ச்சிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார்கள். சிநேகா வாசல்படியில் உட்கார்ந்து ஷூவின் நாடாவை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். அவள் எதிரில் குந்தி உட்கார்ந்தேன். மேனேஜரிடம் சொல்வதற்கு இவ்வளவு நாக்கு உலரவில்லை.

"அம்மாவோட தொட்டிய நான்தாம்மா கெடுத்தேன்" என்றேன். "ஒரு கேனுக்கு ஆசப்பட்டு மருந்த ஊத்திட்டேன். அம்மா கேட்டப்ப இல்லன்னு பொய்யும் சொன்னேன். நீ பீச்சுக்குப் போனதுனால ஒண்ணும் ஆகல. நெஜமா."

அவள் நாடாவை விட்டுவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிரிசில்லா உள்ளே கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"அப்ப அன்னிக்கு அம்மா அடிச்ச அடி," என்று யோசித்து யோசித்துக் கேட்டாள், "உனுக்கு விழ வேண்டியதா மாமா?"

"ஆமாம்மா," என்றேன். "எனக்கு விழ வேண்டியதுதான்."